லாட்ஜ் வாசலில் நின்ற ஸ்கூட்டர்

ஒருவேளை நான் போயிருந்தாலும் போயிருப்பேனோ?

காளீஸ்வரி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தனக்காகத் துப்பறிய ஒப்புக்கொண்டவளிடம் எந்தப் பெண்ணும் சொல்லக் கூடாத வாக்கியம் அது. ஆனால் மேஜையில் கிடந்த போனில் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது உள்ளே எழுந்தது. நீல ஸ்கூட்டர். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கும் லாட்ஜின் வாசல். நோ பார்க்கிங் பலகை. நல்ல பகல். அந்தப் பகலில் அவள் இடைசெவல் வீட்டில் காய்ச்சலோடு பாயில் தனியே கிடந்தாள். கிடந்ததாகத்தான் ஞாபகம். எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டதில், பாயில் கிடந்த பெண்ணும் லாட்ஜ் படி ஏறிய பெண்ணும் அவளுக்கு ஒரே அளவு தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பேருக்காகவும் அவளால் அழ முடியவில்லை.

"முதல்ல இருந்து சொல்லு தாயி," என்றாள் ராமலட்சுமி.

ராமலட்சுமி பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் விபத்துகளைப் பிரித்து மேய்ந்தவள். இப்போது கோவில்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அவளிடம் வேலை பார்க்கும் மாரிராஜ் ஜன்னல் ஓரம் சாய்ந்து நின்று பொரிகடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

"நோ பார்க்கிங்குக்கு அபராதமா?" என்றான் அவன். "எங்க தெருவுல ஒரு எருமை நடுரோட்டுலதான் படுக்கும். நம்பர் பிளேட் இல்லாததால இன்னும் பிடிபடல."

"ஏலே, வாயக் கொஞ்சம் ஓரமா நிறுத்து."

காளீஸ்வரி சொன்னாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல ஒரே குரலில் சொன்னாள். ஸ்கூட்டர் கணவன் பேச்சிராஜாவின் பெயரில் இருக்கிறது. ஓட்டுகிறவள் அவள். தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போக வாங்கியது. பேச்சிராஜா அதே கம்பெனியின் லோடு வேன் டிரைவர். அபராதச் செய்தியும் படமும் அவன் போனுக்கு வந்தபோது அவன் வெளியூரில் இருந்தான். திரும்பி வந்த அன்று சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மண்டபத்தில், பந்தியில், அவள் இலைக்கு முன்னால் வந்து நின்று போனை நீட்டினான். பக்கத்து இலைக்காரி வாங்கிப் பார்த்தாள். அடுத்தவள் வாங்கினாள். பாயசம் வருவதற்குள் படம் கடைசி இலை வரை போய்விட்டது. அன்று சாயங்காலமே அவள் அண்ணன் அவளைக் குளத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"அண்ணன் என்ன சொல்லுதாரு?"

"போலீசே தப்புன்னு ரத்து பண்ணட்டும், பெறகு பேசுவோம்ங்குதாவ. வாய்ச் சாட்சி எல்லாம் செல்லாதாம். துப்பறியுதவங்க கேட்டதைக் கண்டுபிடிச்சுக் குடுத்துருவாங்களாம்."

"அதுல உண்மை இருக்கு," என்றான் மாரிராஜ். "போன மாசம் ஒருத்தருக்குக் காணாமப் போன ஆட்டைத் தேடினோம். ரெண்டு ஆடுதான் காணோம்னாரு. நாங்க மூணு கண்டுபிடிச்சுக் குடுத்தோம்."

ராமலட்சுமி அவன் பக்கம் திரும்பவில்லை. "வீட்டுக்காரரு?"

"மொதல்ல அத்துவிட்டுருவேன்னாவ. பெறகு, தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், மன்னிச்சுக் கூட்டிட்டு வந்துருதேன்னு ஆள் மேல ஆள் விடுதாவ."

"எப்பத்துல இருந்து குரல் எறங்குச்சு?"

இது என்ன கேள்வி என்று காளீஸ்வரிக்குப் புரியவில்லை. "ஆயுத பூசை சமயத்துல இருந்து."

"உனக்குத் தோணலையா? ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயிருவோம்னு?"

தோன்றியிருந்தது. பல நாள் தோன்றியிருந்தது. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அண்ணன் வீட்டின் பின்கட்டில் தண்ணீர்க் குடத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே படுக்க வேண்டியதில்லை. அண்ணி பேச வேண்டியதைப் பாத்திரங்களிடம் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை. சொல்லாமல் இருந்தது வைராக்கியத்தினால் அல்ல. வாயைத் திறந்து எதையும் சொல்வதற்கு வேண்டிய ஏதோ ஒன்று அவளிடம் தீர்ந்துபோயிருந்தது.

"தோணுச்சு," என்றாள்.

ராமலட்சுமி போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். லாட்ஜின் பெயரையோ கதவையோ அவள் பார்க்கவில்லை. ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுல இருந்து இங்கன வார பாதையச் சொல்லு."

"எங்க தெரு சிமெண்ட் ரோடு. அது முடிஞ்சா நாலுவழிச் சாலை. நேரே கோவில்பட்டி."

"வழியில சகதி?"

"சகதிக்கு எங்கக்கா போக?"

"அப்ப இது என்ன?"

காளீஸ்வரி குனிந்து பார்த்தாள். ஸ்கூட்டரின் மட்கார்டு தெரியாத அளவுக்குக் கறுப்பாகச் சகதி அப்பியிருந்தது. எத்தனையோ தடவை பார்த்த படம். இதை அவள் பார்த்ததே இல்லை. பந்தியில் பார்த்தவர்களும் யாரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் லாட்ஜின் பெயர்ப் பலகைதான் தெரிந்தது.

"அன்னைக்கு இங்க மழை பேஞ்சிருக்கும்," என்றான் மாரிராஜ்.

"மாடியப் பாரு."

லாட்ஜ் மாடியின் கைப்பிடிக் கம்பியில் வரிசையாகப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மழை நாள்ல எந்த லாட்ஜுக்காரன் இவ்வளவையும் வெளிய காயப் போடுவான்?"

"லாட்ஜுல பெட்ஷீட்டத் தொவைக்காங்களா? இதுவே பெரிய கண்டுபிடிப்புக்கா."

"ஊருக்குள்ள நல்ல வெயில். வண்டியில மட்டும் ஈரச் சகதி. நம்ம பக்கத்து மழை மாட்டுக்கு ஒரு கொம்பை நனைக்கும், ஒரு கொம்பைக் காயவிடும். அன்னைக்கு எந்தக் கொம்பு நனைஞ்சுதுன்னு தெரியணும்."

"எட்டயபுரத்துப் பக்கம்," என்றாள் காளீஸ்வரி.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். தன் குரல் இவ்வளவு சத்தமாக வந்ததில் அவளுக்கே வியப்பு.

"எங்க கம்பெனி வேன் எட்டயபுரத்துப் பக்கத்து ஊர்கள்ல இருந்து பிள்ளைகள ஏத்திட்டு வரும். நான் லீவு போட்ட அன்னைக்கு வேன் வரலையாம். மழை பேஞ்சு கரிசல்ல மாட்டிக்கிட்டுதாம். எல்லாரும் எறங்கித் தள்ளினோம், முட்டுக்கால் வரைக்கும் கறுப்பாயிட்டுன்னு மறுநாள் சிரிச்சாளுக."

"அப்ப இது அந்தப் பக்கத்து வண்டி. உன் வண்டியே இல்ல."

"நம்பர் என்னோடதுல்லா அக்கா?"

"படி."

"எட்டு, நாலு, ஆறு, எட்டு."

"இன்னும் பெருசாக்குதேன். இப்ப முதல் எட்டையும் கடைசி எட்டையும் பாரு. ரெண்டும் ஒரே அச்சுல அடிச்சது. முதல் எட்டுக்கு மட்டும் இடது பக்கம் ஏன் வீங்கியிருக்கு?"

"மாசமா இருக்கோ என்னவோ," என்றான் மாரிராஜ்.

"அது எட்டு இல்லலே. மூணு. மூணுக்கு இடது பக்கம் திறந்து கிடக்கும். அந்தத் திறப்புல சகதி தெறிச்சு அடைச்சிருக்கு. செம்மண்ணா இருந்தா காட்டிக் குடுத்திருக்கும். நம்ம மண்ணு எழுத்தோட நிறம். வெள்ளைத் தகட்டுல கரிசல் ஒட்டினா பெயிண்டுதான்."

காளீஸ்வரி அந்த எட்டைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு வைக்கோல் துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு துணுக்கு வைக்கோல். இதற்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தாள். அலுவலகத்தின் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"சரி, மூணு நாலு ஆறு எட்டு," என்றான் மாரிராஜ். "யாரோட வண்டி? நீல ஸ்கூட்டர் இந்த ஊருல வேப்பமரம் மாதிரி. எல்லா வாசல்லயும் ஒண்ணு நிக்கும்."

"கால் வைக்கிற இடத்துல என்ன இருக்கு?"

"பிளாஸ்டிக் வாளி. வாளி நெறைய உமி. உமியச் சொமந்துட்டு லாட்ஜுக்கு யாருக்கா வருவா?"

"உமிய யாரும் கொண்டுவரல. உமிக்குள்ள ஏதோ உடையாம வருது."

மாரிராஜ் கடலை கொறிப்பதை நிறுத்தினான். "முட்டை!"

"லாட்ஜுக்குக் கீழ ஒரு மெஸ் இருக்குல்லா? வண்டிய எடு."

* * *

ராமலட்சுமியின் பழைய ஆம்னி வேன் லாட்ஜ் வாசலில் நின்றபோது மாரிராஜ் நோ பார்க்கிங் பலகையைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுத் தெருமுனை வரை போய் நிறுத்தி வந்தான்.

காளீஸ்வரி அந்த இடத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. மனதுக்குள் எத்தனையோ முறை ஏறி இறங்கிய படிகள் அவை. அகலமான, வழவழப்பான, கொஞ்சம் இருட்டான படிகள் என்று எப்படியோ நினைத்து வைத்திருந்தாள். குறுகலான சிமெண்ட் படி. அதில் ஒரு ஆள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. இங்கேயா என்னை இத்தனை பேர் அனுப்பினார்கள் என்று நினைத்தாள். வெங்காயம் உரிக்கிறவன் காலை மடக்கி அவளுக்கு வழி விட்டான். மேலே போகிறவள் என்று நினைத்துவிட்டான். அவள் அசையாமல் நின்றாள்.

மெஸ் முதலாளி முத்துகிருஷ்ணன் கல்லாவிலிருந்தே பேசினார். "நாட்டுக்கோழி முட்டையா? அது சுடலைச்செல்விதான் கொண்டுவருவா. எட்டயபுரம் ரோட்டுல போயி மண் ரோட்டுல பிரியணும், வேப்பங்குளம். ஏன், முட்டை ஏதும் கெட்டுப் போச்சா?"

"முட்டை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றான் மாரிராஜ். "ஒரு எட்டுதான் கெட்டுப் போச்சு."

"என்னது?"

"அவனுக்கு வெயில் ஒத்துக்காது," என்றாள் ராமலட்சுமி. "அந்தப் பிள்ளை வண்டி என்ன நிறம் அண்ணாச்சி?"

"நீலம். சகதியக் கழுவுனாத் தெரியும்."

* * *

எட்டயபுரம் ரோட்டிலிருந்து பிரிந்த மண் பாதையில் முந்தின ராத்திரி மழை விழுந்திருந்தது. ஆம்னி கொஞ்ச தூரம் போய் முனகி நின்றுவிட்டது.

"கரிசலுக்கு நம்ம மேல பாசம் ஜாஸ்தி," என்றான் மாரிராஜ். "ஒட்டுனா விடாது."

இறங்கி நடந்தார்கள். இரண்டு பக்கமும் உளுந்து முளைத்திருந்தது. அடி எடுத்து வைக்க வைக்கச் செருப்பில் மண் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. காளீஸ்வரிக்குக் கால்கள் கனத்தன. பிறகு அவை யாருடைய கால்களோ போல ஆயின. மாரிராஜ் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவளையும் கழற்றச் சொன்னான். அவள் கழற்றவில்லை. கனம் இருந்தால் இருக்கட்டும் என்று இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பில் ஏதோ ஒன்று தெரிகிறது.

சுடலைச்செல்விக்கும் அவள் வயதுதான் இருக்கும். கோழிகளுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தவள், மூன்று பேரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். வேப்பமரத்தடியில் நீல ஸ்கூட்டர் நின்றது. நம்பர் தகட்டில் இன்றைய சகதி தாறுமாறாகத் தெறித்திருந்தது. எழுத்து எது, மண் எது என்று சொல்ல முடியவில்லை.

ராமலட்சுமி போனை நீட்டினாள். "இது உங்க வண்டிதானா பாருங்கம்மா."

"என் வாளிதான். இன்னுமா இது ஓடுது?" சுடலைச்செல்வி ஸ்கூட்டர் பக்கம் நடந்தாள். கட்டைவிரலால் தகட்டை ஒரு இழுப்பு இழுத்தாள். மண் உரிந்து மூன்று தெரிந்தது. "இதைத்தான் அவரும் அன்னைக்குத் தொடச்சுப் பாத்தாரு."

"யாரு?" என்றான் மாரிராஜ்.

ராமலட்சுமி கேட்கவில்லை. அவளுக்கு இது முன்பே தெரியும் போல இருந்தது.

"டிரைவர் ஒருத்தரு. காக்கிச் சட்டை போட்டிருந்தாரு. மெஸ்ஸுக்கு எதுக்க டீக்கடையில வந்து வந்து நிப்பாரு. போலீஸ்காரருதான் யாரையோ நோட்டம் பாக்காருன்னு மெஸ் ஆளுக சொன்னாவ. ஒருநாள் நான் வண்டிய நிறுத்துனதும் ஓடி வந்தாரு. நான் பயந்துட்டேன். என் மூஞ்சியப் பாத்தாரு, நம்பரப் பாத்தாரு. உக்காந்து இப்படியே தொடச்சாரு. பெறகு எந்திரிக்கவே இல்ல. அங்கனயே குத்த வச்சு இருந்தாரு. என்ன அண்ணாச்சின்னு கேட்டேன். என் பொஞ்சாதி வண்டின்னு நெனச்சுட்டேன்னு இந்த அபராதப் படத்தைக் காட்டினாரு."

கோழி ஒன்று காளீஸ்வரியின் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக் கொத்தியது. மண்ணுக்குள் ஒரு விதை இருந்திருக்கும்.

"அபராதம் உங்களுக்கு வந்துட்டா, ஸ்டேஷனுக்கு வந்து நான் சொல்லுதேன்னேன். வேண்டாம், நீ யாருட்டயும் சொல்லாத, நான் பாத்துக்கிடுதேன்னாரு. பாவம், நல்ல மனுசன்னு நெனச்சேன்." சுடலைச்செல்வி மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இல்லையா?"

"இது எப்ப?" என்று கேட்டாள் ராமலட்சுமி.

"ஆயுத பூசைக்கு முந்தி. அப்ப வண்டியில பழைய சகதி இருந்துச்சு, பூசைக்குத்தானே கழுவினேன்."

காளீஸ்வரி கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தெரியும். அவன் அனுப்பிய ஒவ்வொரு ஆளும் தின்பண்டப் பொட்டலத்தோடு குளத்தூருக்கு வந்து, ஒரு வார்த்தை சொல்லிரு தாயி, பெரிய மனசு பண்ணி மன்னிச்சுருவான் என்று சொன்னபோது அவனுக்குத் தெரியும். பாயில் கிடந்த பெண்தான் நிஜம் என்று உலகத்தில் ஒரு ஆளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. அவளுக்கே தெரியாமல் போய்க்கொண்டிருந்தபோதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அதான் எப்பத்துல இருந்துன்னு கேட்டியாக்கா?" என்றான் மாரிராஜ் மெதுவாக.

"லாட்ஜ் வாசல்ல பொஞ்சாதி வண்டி நின்னுச்சுன்னு நம்புதவன் கோபம் ஏறிக்கிட்டே போகும், இல்ல ஒரேயடியா அத்துப் போகும். ஒரே நாள்ல கோபம் இறங்கி, மன்னிக்கத் துடிக்கமாட்டான்லே. இறங்கினா ஏதோ தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்." ராமலட்சுமி காளீஸ்வரியின் தோளைத் தொட்டாள். "ரத்து பண்ணிருவோம் தாயி. அது ஒண்ணும் கஷ்டமில்ல."

சுடலைச்செல்வி கம்புக் கிண்ணத்தைத் திண்டில் வைத்தாள். "நானும் வாரேன். என் அபராதத்தை நான் ஏன் அடுத்தவ மேல விட்டுட்டு இருக்கணும்?"

* * *

போக்குவரத்துப் போலீஸ் நிலையத்தில் ஏட்டு சாமித்துரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற சுடலைச்செல்வியின் வண்டியையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நான் போட்டதுதான். எட்டுன்னே தெரிஞ்சுது. நம்பரப் போட்டதும் மிஷின்ல நீல ஸ்கூட்டர்னு வந்துச்சு. சரியாப் போச்சுன்னு போட்டுட்டேன்." அவர் காளீஸ்வரியைப் பார்க்கவில்லை. "தப்புதாம்மா."

"வண்டிக்குப் பாதி, மண்ணுக்குப் பாதின்னு போட்டிருக்கணும் ஐயா," என்றான் மாரிராஜ்.

"ரத்துக்கு எழுதிருதேன். ஆனா வண்டி யாரு பேருல இருக்கோ அவருதான் ஆட்சேபிக்கணும். அவரு போனுக்கு ஒரு ஓ.டி.பி. போகும். அந்த நம்பரை அவரு வந்து சொன்னாத்தான் மிஷின் ஏத்துக்கிடும். ரத்து ஆனதும் கையெழுத்துப் போட்டு ஒரு காப்பி தாரேன்."

ராமலட்சுமி பேச்சிராஜாவுக்குப் போன் செய்தாள். லோடு ஏற்ற நின்றவன் வேனோடு அப்படியே வந்துவிட்டான். காக்கிச் சட்டையில் வெண்மையாகத் தீப்பெட்டி அட்டைத் தூசி. உள்ளே நுழைந்தவன் முதலில் பார்த்தது பெஞ்சில் இருந்த சுடலைச்செல்வியை. அவ்வளவுதான். யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வாங்க அண்ணாச்சி," என்றான் மாரிராஜ். "நீங்க எங்களுக்கு முந்தியே கண்டுபிடிச்சுட்டிய. இந்த வேலைக்கு நீங்கதான் லாயக்கு. சம்பளம்தான் கிடையாது."

"காளி," என்றான் பேச்சிராஜா. "இங்க ஒரு நிமிசம் வா."

பறிமுதல் செய்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடந்த சுவரோரத்துக்கு அவள் அவன் பின்னால் போனாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வருகிற பஸ்ஸில் கோபம் இருக்கிறது, பஸ் மட்டும் இன்னும் வரவில்லை என்பது போல இருந்தது. அவன் மெலிந்திருந்தான். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அதைக்கூட அவள் வேறு யாருடைய சட்டையையோ பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டாள்.

"எப்படிச் சொல்லுவேன்? பந்தியில வச்சு எல்லாருக்கும் காட்டுனேன். உங்க அண்ணன் சட்டையப் பிடிச்சேன். பெறகு போயி, சகதியப் பாத்து ஏமாந்துட்டேன்னு சொன்னா என்னய என்ன சொல்லுவானுக?" அவன் குரலைத் தாழ்த்தினான். "நீ ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லியிருந்தா மன்னிச்சுட்டேன்னு கூட்டிட்டு வந்திருப்பேன். யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ரெண்டு பேருக்கும் மரியாதையா முடிஞ்சிருக்கும்."

அவன் இதை நிஜமாகவே நம்புகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தினமும் ராத்திரி வேனை நிறுத்திவிட்டு வந்து, தனியாகச் சோறு வடித்துத் தின்றுவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிய ஒரு வழியைத் தேடியிருக்கிறான். அந்த வழி அவள் மேலேயே நடந்து போகிற வழி என்பது அவனுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அவன் கையில் போன் அதிர்ந்தது. அவன் திரையைப் பார்த்தான். அவன் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"வந்துட்டு. நான் இப்பவே உள்ள போயிச் சொல்லிருதேன். நீ ஒண்ணே ஒண்ணு செய்யணும். உங்க அண்ணன்ட்டயும் நம்ம ஆளுகள்ட்டயும், இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லு. நானும் உன்கூடச் சேந்து தேடினேன்னு சொல்லு. அந்தப் பிள்ளைட்டயும் துப்பறியுதவங்கட்டயும் நான் பேசிக்கிடுதேன். பெறகு அப்படியே வேன்ல ஏறு, வீட்டுக்குப் போவோம். முந்தியே தெரியும்னு வெளிய போனா நான் எப்படி நாலு பேரு முன்ன நிப்பேன்?"

நிற்கலாம், என்று அவள் நினைத்தாள். கால் இருக்கிறதா என்று தெரியாமலேகூட நிற்கலாம்.

உள்ளேயிருந்து மாரிராஜின் குரல் வந்தது. "அண்ணாச்சி, சீக்கிரம். அந்த நம்பரு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி, கொஞ்ச நேரத்துல வாடிரும்."

"சொல்லுவேல்லா?" என்றான் பேச்சிராஜா.

"இல்ல."

"என்னட்டி இல்லங்க? சொல்லலைன்னா நான் நம்பரத் தரமாட்டேன். ரத்து ஆகாது. லாட்ஜு வாசல்ல நின்னது உன் வண்டின்னே இருக்கும். உங்க அண்ணன் காகிதத்தைத்தானே கேக்காரு?"

"ஆமா."

"பெறகென்ன?"

காகிதம் கிடைத்தால் அண்ணன் அவளைக் கூடத்தில் படுக்கச் சொல்வான். அண்ணி அவளிடம் நேராகப் பேசுவாள். அதெல்லாம் நல்லதுதான். அதற்காக அவள் சொல்ல வேண்டியது ஒரு சின்னப் பொய். இதுவரை அவள் மேல் சொல்லப்பட்டவற்றோடு ஒப்பிட்டால் மிகவும் சின்னது.

பேச்சிராஜாவின் முகம் இளகியது. அவன் போனை அவள் பக்கம் திருப்பி நீட்டினான். "சரி, வாயால சொல்ல வேண்டாம். நீயே இதப் பாத்து உள்ள போயிப் படிச்சுச் சொல்லிரு. நீ படிச்சா, சம்மதம்னு எடுத்துக்கிடுதேன்."

காளீஸ்வரி திரையைப் பார்க்கவில்லை. பாயில் கிடந்த பெண் மட்டுமே இப்போது அவளுக்குத் தெரிந்தாள்.

"வேண்டாம்," என்றாள். "நீங்க லோடு ஏத்தப் போங்க."